'இன்னும் ஒரு துண்டு ரொட்டி' கேட்க வெட்கப்பட்ட காந்தி! லண்டனில் தவித்த மாணவர்களுக்கு விடுதி கண்ட சேலத்துக்காரர்

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ராத்திரி நேரம் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

தள்ளுவண்டியில் 2 பெரிய பெட்டி. பெட்டிக்குள் பருப்புப் பொடி, ஆவக்காய் ஊறுகாய், ஒரு சின்ன குக்கர். பக்கத்தில் 22 வயசுப் பையன். "போய் இறங்கினதும் போன் பண்ணுடா" என்று அம்மா நாலாவது தடவையாகச் சொல்லுவார். அப்பா ஒன்றும் பேச மாட்டார். எடை கூடிவிட்டதோ என்று பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

2022-23-ம் ஆண்டில் பிரிட்டனில் உள்ள பல்கலைக்கழகங்களில் படித்த இந்திய மாணவர்கள் மட்டும் சுமார் 1 லட்சத்து 73 ஆயிரம் பேர். அந்த ஆண்டில் சீன மாணவர்களின் எண்ணிக்கையையே தாண்டிவிட்டார்கள்.

படிப்புக்குப் பணம் கட்டியாச்சு. விசா வாங்கியாச்சு. போன இடத்தில் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவாரா? ஒருநாள் ஜுரம் வந்தால் கஞ்சி யார் வைப்பார்கள்?

இந்தக் கவலை புதுசு அல்ல. 130 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வெள்ளை உடுப்பில் வந்தவர்

1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் ஒரு வாலிபர் கப்பல் ஏறினார். வயது 18. கல்யாணம் ஆகி, கைக்குழந்தையும் இருந்தது. பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் பயணம். மாமிசம் தொடுவதில்லை, மது தொடுவதில்லை, பெண்களை நாடுவதில்லை என்று தாயாரிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

அவர்தான் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

லண்டனில் இறங்கும்போது நல்ல வெள்ளைக் கம்பளித் துணியில் கோட்டும் கால்சட்டையும் போட்டிருந்தார். செப்டம்பர் மாதக் கடைசி. அந்தக் குளிர் காலத்தில் வெள்ளை உடுப்பில் இறங்கியவர் அவர் ஒருவர்தான். எல்லாரும் பார்த்தார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டி எல்லாம் கப்பல் ஏஜெண்டிடம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டி கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்!

அன்று மாலை டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா ஓட்டலுக்கு வந்து பார்த்தார். டாக்டரின் பளபளப்பான பட்டுத் தொப்பியை எடுத்து காந்தி ஆசையாகத் தடவினார். தடவியது எதிர்ப்பக்கம். மயிர் எல்லாம் நட்டுக்கொண்டது.

டாக்டருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் திட்டவில்லை. பாடம் சொன்னார். அடுத்தவர் சாமானைத் தொடக்கூடாது. பார்த்த உடனே கேள்வி மேல் கேள்வி கேட்கக்கூடாது. சத்தம் போட்டுப் பேசக்கூடாது. பேசுகிறவரை எல்லாம் 'சார்' போடக்கூடாது.

"எந்த ஊரு? என்ன வேலை? எத்தனை குழந்தை?" என்று கேட்டுத்தான் நம் ஊர் ரெயிலில் எதிர் சீட்டுக்காரர் சிநேகிதர் ஆகிறார். அதை முதல் நாளே மூட்டை கட்டி வைக்கவேண்டியதாகிவிட்டது. வேறு எப்படிப் பழகுவது என்பதை அவரேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ராத்திரி ஆனால் தாயார் நினைவு வரும். அழுவார். இதை அவரே தமது சுயசரிதையில் எழுதி இருக்கிறார்.

வெட்கம்

பிறகு ஒரு வீட்டில் சாப்பாட்டோடு தங்கினார். வீட்டுக்காரம்மா ஒரு விதவை. 2 மகள்கள். ரொம்ப நல்லவர்கள். ஆனால் மாமிசம் சாப்பிடாத பையனுக்கு என்ன சமைத்துப் போடுவது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

காலையில் ஓட்ஸ் கஞ்சி. அது பரவாயில்லை. பகலிலும் ராத்திரியிலும் கீரை, ரொட்டி, ஜாம். ரொட்டி 2 துண்டு, 3 துண்டு வரும். அதற்கு மேல் கேட்க காந்திக்கு வெட்கம்.

மகள்கள் 2 பேரும் "இன்னும் ஒரு துண்டு எடுத்துக்குங்க" என்று வற்புறுத்துவார்கள். ஒரு முழு ரொட்டி இருந்தால்தான் அந்த வயிற்றுக்குக் காணும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வீட்டார் கெட்டவர்கள் அல்ல. பட்டினி போடவில்லை. பையன் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். வெளியூரில் இருந்து வந்தவன் கேட்க மாட்டான். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம். அந்தப் பயம் பசியைவிடப் பெரிசு.

1 ஷில்லிங் புத்தகம்

காந்தி நடக்கத் தொடங்கினார். சைவ சாப்பாட்டுக் கடை லண்டனில் உண்டு என்று வீட்டுக்காரம்மா சொல்லி இருந்தார். தினமும் 10 மைல், 12 மைல் நடை. வழியில் மலிவான கடையில் ரொட்டி வாங்கி வயிறு நிறையத் தின்பார். திருப்தி வராது.

ஒருநாள் பாரிங்டன் தெருவில் அந்தக் கடை கண்ணில் பட்டது. கேட்ட பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி அவருக்குச் சந்தோஷம். உள்ளே போவதற்கு முன்னால், வாசல் பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சில புத்தகங்கள் விற்பனைக்கு வைத்திருந்ததைப் பார்த்தார். ஹென்றி சால்ட் என்பவர் சைவ உணவை ஆதரித்து எழுதிய புத்தகம் ஒன்று. விலை 1 ஷில்லிங். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்த பிறகு வயிறார சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

அந்தக் கடைக்காரர் சாப்பாடு மட்டும் விற்றிருந்தால் பையன் சாப்பிட்டுவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். வாசலில் புத்தகம் இருந்தது. புத்தகத்தைப் படித்ததால் சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியிலும் இடம் கிடைத்தது. டாக்டர் ஜோசையா ஓல்டுபீல்டு என்ற வெள்ளைக்காரரோடு பேஸ்வாட்டர் பகுதியில் ஒரே ஜாகையில் குடியிருந்தார்.

அந்தப் பேட்டையிலேயே காந்தி ஒரு சைவ மன்றம் தொடங்கினார். ஓல்டுபீல்டு தலைவர். புகழ் பெற்ற எழுத்தாளர் எட்வின் ஆர்னால்டு துணைத் தலைவர். காந்தி செயலாளர்! 2 துண்டுக்கு மேல் ரொட்டி கேட்கத் தயங்கிய பையன், வெள்ளைக்காரர்களைக் கூட்டி வைத்து சங்கம் நடத்தினார்.

அவருடைய கட்டுரைகள் முதன் முதலாக அச்சில் வந்ததும் ஒரு லண்டன் சைவப் பத்திரிகையில்தான். 1891-ம் ஆண்டு. இந்தியர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அந்த ஊர் ஜனங்களுக்கு விளக்கி எழுதினார்.

1891 ஜூனில் ஊர் திரும்பும் முன்பு ஹோல்பார்ன் ஓட்டலில் சிநேகிதர்களுக்கு விருந்து வைத்தார். அது மாமிசம் பரிமாறும் ஓட்டல். அங்கே சைவ விருந்துக்கு ஏற்பாடு. பேச எழுந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சில் முதல் வாக்கியத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

40 வருஷம் போயிற்று. 1931 நவம்பரில் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்திருந்தபோது அதே சைவ உணவுச் சங்கம் காந்தியைப் பேச அழைத்தது. கூட்டத்தில் 80 வயசுக் கிழவர் ஒருவரும் இருந்தார். அவர்தான் அந்த 1 ஷில்லிங் புத்தகத்தை எழுதிய ஹென்றி சால்ட்!

துப்பாக்கிச் சூடு

காந்திக்கு வாய்த்தது எல்லாருக்கும் வாய்க்கவில்லை. அவர் போய் 20 வருஷத்துக்குள் நிலைமை தலைகீழாக மாறியது.

1905-ல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா என்பவர் லண்டன் ஹைகேட் பகுதியில் 'இந்தியா ஹவுஸ்' என்ற விடுதியைத் தொடங்கினார். இந்திய மாணவர்கள் அங்கே தங்கினார்கள். சாவர்க்கர் அங்கே இருந்தார். திருச்சியைச் சேர்ந்த வ.வே.சு. அய்யரும் இருந்தார். பிற்காலத்தில் சென்னை மாகாண மந்திரியாக இருந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனும் அந்தக் கூட்டத்தில் பழகியவர்தான். சாப்பாடு, பேச்சு, அரசியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தது.

1909-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. லண்டன் சவுத் கென்சிங்டனில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி. இந்திய மாணவர்களும் வெள்ளைக்காரர்களும் கலந்து பழகுவதற்காக நடந்த நிகழ்ச்சி அது. அங்கே கர்சன் வைலி என்ற உயர் அதிகாரியை மதன்லால் திங்ரா என்ற மாணவர் சுட்டுக் கொன்றார். ஆகஸ்டு 17-ந் தேதி திங்ரா தூக்கில் போடப்பட்டார்.

அதற்குப் பிறகு இந்திய மாணவர் என்றாலே சந்தேகம். இந்தியா ஹவுஸ் மூடப்பட்டது. வ.வே.சு. அய்யர் மாறுவேஷத்தில் தப்பி 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

சர்க்கார் என்ன செய்தது? மாணவர்களுக்கு யோசனை சொல்ல என்று ஒரு அதிகாரியை நியமித்தது. 21, கிராம்வெல் ரோடு என்ற விலாசத்தில் 1910-ல் ஒரு வீட்டைத் திறந்தது. புதிதாக வரும் மாணவர் அங்கே தங்கலாம். அறை உண்டு, படுக்கை உண்டு, கூடிப் பேச இடம் உண்டு. எல்லாம் இருந்தது. நம்பிக்கை மட்டும் இல்லை.

"நம்மை உளவு பார்க்கத்தான் இந்த வீடு" என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். விருந்துக்குக் கூப்பிட்டாலும் வேவு பார்க்கக் கூப்பிடுவதாக நினைத்தார்கள்.

போர்வைக்கு மேல் படுத்தவர்

1914-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் துறைமுகத்தில் சென்னைக் கப்பலில் இருந்து ஒருவர் இறங்கினார். சென்னைத் துறைமுக டிரஸ்டில் குமாஸ்தாவாக இருந்தவர். குடுமியை எடுத்துவிட்டு, புதுசாகத் தைத்த கோட்டு போட்டுக்கொண்டு போனார். பூட்ஸ் காலைக் கடித்தது.

கணித மேதை ராமானுஜன்!

அவரை அழைத்துப் போக நெவில் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் கார் கொண்டுவந்திருந்தார். நெவில் அந்த வருஷ ஆரம்பத்தில் சென்னைக்கு வந்து பாடம் நடத்தியவர். அப்போதே ராமானுஜனோடு பழகி, "வாங்க" என்று அழைத்தவர். ராமானுஜன் முதல் சில நாள் தங்கியது அதே கிராம்வெல் ரோடு வீட்டில்தான்.

அந்த வீட்டால் நன்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ராமலிங்கம் என்ற தமிழ் என்ஜினீயரை ராமானுஜன் அங்கேதான் சந்தித்தார். அந்தச் சிநேகம் கடைசி வரைக்கும் உதவியது.

பிறகு கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டில் சுமார் 6 வாரம். நெவிலும் அவர் மனைவி ஆலிசும் அன்பாகக் கவனித்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் ராமானுஜன் டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபோனார். பேராசிரியர் ஹார்டியின் அறை பக்கத்தில் இருந்தது. வேலைக்கு வசதி.

ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. கல்லூரி காலி ஆனது. வாலிபர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள்.

ராமானுஜன் சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அவர் போகவில்லை. அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்தார். ஆசாரத்துக்கு அது சரி. ஆனால் அந்த ஊர் கல்லூரியில் சிநேகம் பிறப்பது வகுப்பில் அல்ல, சாப்பாட்டு மேஜையில். அந்த மேஜை அவருக்கு இல்லாமல் போனது.

ஒருநாள் அவரைப் பார்க்க மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் வந்தார். (பிற்காலத்தில் இந்திய புள்ளியியல் கழகத்தை நிறுவிய அதே மகலனோபிஸ்தான்.) "ராத்திரி குளிர் தாங்கலை. கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன். அப்படியும் நடுக்கம்" என்ற பாவனையில் ராமானுஜன் குறைப்பட்டார்.

மகலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிப் போர்வைகள் படுக்கையிலேயே இருந்தன! வெள்ளைக்கார முறைப்படி நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகி, மேலே விரிப்பு போட்டு வைத்திருந்தார்கள். ராமானுஜன் அந்த விரிப்புக்கு மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று மகலனோபிஸ் காட்டிக் கொடுத்தார்.

உலகத்திலேயே பெரிய கணித மேதைகளில் ஒருவர். போர்வை எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஹார்டி தினமும் அவரைப் பார்த்தவர். அவரும் கணக்கு பற்றித்தான் பேசினார். ராமானுஜன் நாள்தோறும் புதுப்புது கணக்குகளைக் கொண்டுவந்து காட்டும்போது மற்றதைக் கேட்கத் தோன்றவில்லை என்ற பொருளில் ஹார்டியே பின்னால் எழுதினார்.

ரசத்தால் வந்த கோபம்

இன்னொரு சம்பவம். சாட்டர்ஜி என்ற இந்திய மாணவரையும் அவருக்கு நிச்சயித்த பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் ராமானுஜன் தமது அறைக்குச் சாப்பிட அழைத்தார். தம் கையாலேயே சமைத்தார். ரசம் பரிமாறினார். 2-வது தடவையும் வாங்கிக்கொண்டார்கள். 3-வது தடவை அந்தப் பெண்கள் "போதும்" என்று சொல்லிவிட்டார்கள்.

சிறிது நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணோம்! விருந்தாளிகள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 4 நாள் கழித்து ஆக்ஸ்போர்டில் இருந்து தந்தி வந்தது. "பணம் அனுப்பவும். 5 பவுன்" என்று கேட்டிருந்தார். திரும்பி வந்ததும் காரணம் சொன்னார். தாம் பரிமாறியதை வேண்டாம் என்றது மனசைப் புண்படுத்திவிட்டதாம்.

சிரிப்பாக இருக்கும். வருஷக்கணக்காகத் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டவர், ஒருநாள் நாலு பேருக்குப் பரிமாறுகிறார். அந்த ரசத்தில் எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

1917-ல் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. 1918 தொடக்கத்தில் மனம் உடைந்து உயிரை விடவே துணிந்தார். நல்லவேளை, காப்பாற்றிவிட்டார்கள். அந்த ஜூன் மாதம் ராமலிங்கம் மட்லாக் என்ற ஊரில் உள்ள நோயாளி விடுதிக்குப் போய் 3 நாள் கூடத் தங்கினார். இவருக்கு அங்கே சாப்பாடு சரிப்படவில்லை என்று ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

அதே 1918-ல்தான் ராயல் சொசைட்டி உறுப்பினர் பட்டம். டிரினிட்டி கல்லூரியின் பெலோ பதவி. எல்லாம் வந்தது.

1919-ல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

கூடவே ஒரு குடும்பம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. அவருக்கு வந்த நோய் நோய்தான். நெவில் வீட்டில் இருந்த 6 வாரம் 5 வருஷமாக நீண்டிருக்கக்கூடாதா என்று மட்டும் மனசு கேட்கிறது.

சேலத்துக்காரர் வந்தார்

ராமானுஜன் மறைந்த அதே 1920-ம் ஆண்டில் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் தொடங்கப்பட்டன. தொடங்கியவர் ஒரு தமிழர். பெயர் கே.டி. பால். சேலத்தில் 1876-ல் பிறந்தவர். இன்று சேலத்திலேயே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியுமோ!

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த அவர் வாத்தியாராக வேலை பார்த்தார். பிறகு ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் சேர்ந்தார். இந்தியா முழுவதுக்கும் பொதுச்செயலாளர் பதவி 1916-ல் அவருக்கு வந்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். கிராமங்களில் கூட்டுறவு கடன் சங்கம் வைத்து, ஏழைகளை வட்டிக் கடையில் இருந்து மீட்கப் பாடுபட்டவர். பின்னால் 1930-ல் வட்டமேஜை மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

கிராம்வெல் ரோடு வீட்டுக்கும் கே.டி. பால் தொடங்கிய விடுதிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் அறை உண்டு. இரண்டிலும் சாப்பாடு உண்டு. முன்னது சர்க்கார் நடத்தியது. பின்னதை இந்தியர்களே நடத்தினார்கள். வந்தவன் விருந்தாளி அல்ல, சந்தேகப் பேர்வழியும் அல்ல. வீட்டுக்காரன். வீட்டுக்காரன் என்றால் அவன்தான் மற்றவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவான். மாணவர்கள் அந்த ஊர்க்காரர்களைத் தங்கள் இடத்துக்கு அழைத்தார்கள். சொற்பொழிவு, விவாதம், விருந்து எல்லாம் நடந்தன. மதவேறுபாடு பார்க்காமல் மாணவர்கள் தங்கினார்கள்.

முதலில் கிடைத்த இடம் 'ஷேக்ஸ்பியர் ஹட்' என்ற கட்டிடம். ஷேக்ஸ்பியர் பெயரில் நாடகசாலை கட்ட வாங்கிப் போட்ட மனையில், 1916-ல் நியூசிலாந்து சிப்பாய்கள் தங்குவதற்காகப் போட்ட தற்காலிகக் கொட்டகை அது. போர் முடிந்து சிப்பாய்கள் போனார்கள். நம் பையன்கள் வந்தார்கள். பிறகு கவர் தெருவில் ஒரு வீட்டுக்கு மாறினார்கள். அதுவும் 2-வது உலகப் போரில் ஜெர்மன் குண்டுக்கு இரையானது.

கிரிக்கெட் வீரருக்கே இடமில்லை!

அந்த நாளில் லண்டனில் கறுப்பு நிறத்தவருக்கு அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி.

வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் பெயர் தெரியாத வெள்ளைக்காரர் கிடையாது. 1943-ல் லண்டன் ரசல் சதுக்கத்தில் உள்ள ஒரு ஓட்டலில் முன்கூட்டியே பணம் கட்டி 4 ராத்திரிக்கு இடம் பிடித்து இருந்தார். ஒரு ராத்திரிக்கு மேல் தங்கக்கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நிறம்தான் காரணம். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1944-ல் வழக்கு ஜெயித்தது.

பேர் பெற்ற ஆட்டக்காரருக்கே இந்தக் கதி. மதுரையில் இருந்தும் தஞ்சாவூரில் இருந்தும் போன சாதாரண மாணவனை யார் மதிப்பார்கள்? வாடகை அறைக் கதவு முகத்துக்கு நேரே சாத்தப்படும் ஊரில், தட்டினால் திறக்கும் கதவு ஒன்று இருந்தது என்பது சின்ன விஷயம் அல்ல.

போருக்குப் பிறகு விடுதிக்குச் சொந்தமாகவே கட்டிடம் எழும்பியது. இடம் பிட்ஸ்ராய் சதுக்கம். 1950-களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. வரைபடம் போட்டவர் ரால்ப் டப்ஸ் என்ற பிரபல ஆங்கிலேய கட்டிடக் கலைஞர். கே.டி. பால் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1931 ஏப்ரலிலேயே சேலத்தில் காலமாகிவிட்டார்.

இந்த விடுதியில் ஒரு விசேஷம். சாப்பாட்டுக் கூடத்தில் வெளியாட்களும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். மத்தியான நேரத்தில் அக்கம்பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாக்களும், ஆஸ்பத்திரி சிப்பந்திகளும், கல்லூரிப் பையன்களும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பது அந்தப் பேட்டையில் பழகிப்போன காட்சி. சோறு, பருப்பு, கறி. பக்கத்து நாற்காலியில் நேற்று விமானத்தில் வந்து இறங்கிய பையன் உட்கார்ந்திருப்பான். "அந்த மஞ்சளா இருக்கிறது என்ன?" என்று ஊர்க்காரர் கேட்பார். இங்கே வெட்கப்பட வேண்டியவர் மாணவர் இல்லை. எதில் உப்பு, எதில் காரம் என்று தெரியாமல் முழிப்பவர் அந்த ஊர்க்காரர்!

சென்னையில்?

இந்தியாவுக்குப் படிக்க வருகிறவர்களும் உண்டு. மத்திய அரசின் கணக்குப்படி 2020-21-ம் ஆண்டில் அவர்கள் 48 ஆயிரத்து 35 பேர். 163 நாட்டுக்காரர்கள். நேபாளத்தில் இருந்து வருகிறவர்கள்தான் அதிகம். ஆப்கானிஸ்தான், வங்காள தேசம், பூடான், ஆப்பிரிக்க நாடுகள் என்று பல ஊர். தமிழ்நாட்டிலும் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். கிண்டி, சேப்பாக்கம், நுங்கம்பாக்கம் பக்கம் மின்சார ரெயிலில் தினமும் போய்வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

வீடு தேடும்போது இவர்கள் படும் பாடு வீட்டுத் தரகர்களைக் கேட்டால் தெரியும். போனில் பேசும்போது காலியாக இருந்த வீடு, நேரில் ஆளைப் பார்த்ததும் "வேற ஆளு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்று ஆகிவிடும். லண்டன் வீட்டுக்காரம்மாக்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

"போலீசு, கேசுன்னு அலையணுமே" என்று சில வீட்டுக்காரர்களுக்குப் பயம். வெளிநாட்டுக்காரரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு விவரம் தெரிவிக்க வேண்டும். அதைக் கம்ப்யூட்டர் மூலமாகவே செய்யலாம். பாஸ்போர்ட், விசா விவரம் கையில் இருந்தால் கொஞ்ச நேர வேலை. பெட்டிக் கடைக்காரர் மகனே செய்து கொடுத்துவிடுவான்.

அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது நம் ஜனங்களின் வழக்கம். கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். சாப்பிடாவிட்டாலும் அதே பதில்தான். நம் ஊர்க்காரனாக இருந்தால் முகத்தைப் பார்த்து, "சும்மா சொல்லாதே, உட்காரு" என்று தட்டைப் போடுவார்கள். வெளிநாட்டுப் பையன் "ஆச்சு" என்றால் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். லண்டன் வீட்டில் 3-வது துண்டு ரொட்டி நின்றுபோனதும் இப்படித்தான்.

அண்ணாச்சி மளிகைக் கடைகளில் கொஞ்சம் பரவாயில்லை. எந்தப் பொடி காரம், எந்த அரிசி குழையும் என்று சைகையாலேயே சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். ஆறு மாதத்தில் "அண்ணா, ரெண்டு முட்டை" என்று கேட்கும் அளவுக்குத் தமிழ் வந்துவிடும். வகுப்பில் வராத தமிழ் அது.

கஷ்டமான நேரம் பண்டிகை நேரம்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுதிப் பையன்கள் பஸ் ஏறிவிடுவார்கள். மெஸ் மூடிவிடும். ஓட்டல்களும் பாதி அடைத்துக் கிடக்கும். நேபாளப் பையனும் ஆப்பிரிக்கப் பையனும் எங்கே பஸ் ஏறுவார்கள்? பிஸ்கெட் பாக்கெட்டோடு அறையில் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

காணும் பொங்கல் அன்று மெரினாவில் லட்சக்கணக்கான கூட்டம். அந்தக் கூட்டத்தில் இவர்களும் இருப்பார்கள். யார் தனியாக வந்தவர், யாரை ஒரு குடும்பம் அழைத்து வந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். அழைத்து வரப்பட்டவர் கையில் வீட்டாரின் தூக்குவாளி இருக்கும்.